‘என் கையில் ஒரு பட்டியல்’: மெக்கார்த்தியிசம் என்றால் என்ன?

2017 மார்ச் 4 அன்று, பதவியேற்று ஒன்றரை மாதமே ஆகியிருந்த டொனால்ட் ட்ரம்ப் ட்விட்டரில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். தேர்தலுக்கு முன்பு ஒபாமா தன்னுடைய தொலைபேசியை ஒட்டுக்கேட்டதாகச் சொன்னார். ஆதாரம் எதையும் காட்டவில்லை. அப்படி ஒட்டுக்கேட்டதற்கான பதிவு எதுவும் தங்களிடம் இல்லை என்று அவருடைய சொந்த நிர்வாகத்தின் நீதித் துறையே அந்த செப்டம்பரில் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அந்த ட்வீட் முடிந்த விதம்தான் நமக்கு முக்கியம்: “இது மெக்கார்த்தியிசம்!”

ஆதாரமில்லாமல் பழி சுமத்தியே பேர் வாங்கிய ஒருவரின் பெயரை, ஆதாரமில்லாத ஒரு பழியோடு சேர்த்து எதிராளி மேல் எறிவது ஒரு வேடிக்கைதான். ஆனால் இதை ட்ரம்ப் மட்டும் செய்யவில்லை. அமெரிக்காவில் இடதும் வலதும் இந்தச் சொல்லை ஒருவர்மேல் ஒருவர் வீசிக்கொண்டே இருக்கிறார்கள். ‘என்னை யாரோ திட்டுகிறார்கள்’ என்பதற்கு மேல் அதில் பொருள் இல்லை என்று சொல்லுமளவுக்கு அது தேய்ந்துவிட்டது. அசல் விவகாரம் அப்படி மங்கலானது இல்லை. 1940களின் கடைசியிலும் 1950களின் முற்பாதியிலும் ஆதாரமற்ற பேச்சும், அரசின் விசாரணை அதிகாரமும், பயந்துபோன முதலாளிகளும் ஒன்றுசேர்ந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை இழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர்மீது எந்த நீதிமன்றத்திலும் ஒரு வழக்குகூடக் கிடையாது. வழக்கே இல்லாமல் தண்டனை எப்படிக் கிடைத்தது என்று புரிந்துகொண்டால் மெக்கார்த்தியிசம் புரிந்துவிடும்.

205, 57, 81

1950 பிப்ரவரி 9. மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் வீலிங் நகரில் குடியரசுக் கட்சியின் மகளிர் மன்றம் லிங்கன் பிறந்தநாளையொட்டி ஒரு விருந்து வைத்திருந்தது. பேச வந்தவர் விஸ்கான்சின் மாநிலத்தின் செனட்டர் ஜோசஃப் மெக்கார்த்தி. வயது 41. செனட்டுக்கு வந்து மூன்று ஆண்டு ஆகியும் நாடு அறிந்த ஆள் ஆகியிருக்கவில்லை. வெளியுறவுத் துறையில் இருந்துகொண்டு கொள்கை வகுக்கும் 205 கம்யூனிஸ்டுகளின் பட்டியல் தன் கையில் இருப்பதாக அவர் சொன்னார் என்று செய்தி வந்தது. மறுநாள் டென்வரில் விமானம் மாறும்போது நிருபர்கள் பட்டியலைக் கேட்டார்கள். அது வேறொரு பையில் இருக்கிறது என்றார். சால்ட் லேக் சிட்டி போய்ச் சேர்வதற்குள் 205 என்பது 57 ஆகிவிட்டது. பிப்ரவரி 20 அன்று செனட்டில் நீண்ட உரை ஆற்றியபோது 81 ஆனது.

இந்த எண்கள் ஆகாயத்திலிருந்து விழவில்லை. 1946இல் அன்றைய வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பர்ன்ஸ், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் ஒருவருக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. போர்க்கால அலுவலகங்களிலிருந்து மாற்றலாகி வந்த ஊழியர்களைச் சோதித்ததில் 284 பேரை நிரந்தரமாக்க வேண்டாம் என்று பரிந்துரைக்கப்பட்டது, அவர்களில் 79 பேர் விலக்கப்பட்டார்கள் என்று அதில் இருந்தது. 284இல் 79 போனால் 205. அவ்வளவுதான் ‘பட்டியல்’. அந்தக் கடிதத்தில் ஒரு பெயர்கூட இல்லை. அதில் சொல்லப்பட்டவர்கள் எல்லோரும் கம்யூனிஸ்டுகள் என்றும் இல்லை. நான்கு ஆண்டு கழித்து, வீலிங் பேச்சின்போது, அவர்களில் சுமார் 65 பேர்தான் அந்தத் துறையில் மிச்சம் இருந்தார்கள். அவர்களையும் மறுபடி சோதித்து முடித்திருந்தார்கள்.

எண் மாறிக்கொண்டே இருந்தது அவருக்குப் பலவீனம் ஆகியிருக்க வேண்டும். நடந்தது வேறு. 205ஆ, 57ஆ, 81ஆ என்று ஊரே விவாதித்தது. எத்தனை பேர் என்று கேட்க ஆரம்பித்தவர்கள், ஒருவராவது உண்டா என்ற கேள்வியைத் தாண்டிப் போய்விட்டார்கள். நெருப்பில்லாமல் புகையுமா என்று நம் ஊரில் கேட்பார்களே, அந்தக் கேள்விதான் மெக்கார்த்தியின் மூலதனம்.

மக்கள் ஏன் நம்பத் தயாராக இருந்தார்கள்? 1949 ஆகஸ்டில் சோவியத் யூனியன் முதல் அணுகுண்டை வெடித்தது. அக்டோபர் 1 அன்று சீனா மாவோவின் கைக்குப் போனது. 1950 ஜனவரியில் வெளியுறவுத் துறையின் முன்னாள் அதிகாரி ஆல்ஜர் ஹிஸ், பொய்ச்சாட்சி சொன்ன குற்றத்துக்குத் தண்டனை பெற்றார். அவர்மீது சோவியத்துக்கு ஒற்று வேலை பார்த்தார் என்ற குற்றச்சாட்டும் இருந்தது. வீலிங் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்புதான், அணுகுண்டு ரகசியத்தைச் சோவியத்துக்குக் கொடுத்த விஞ்ஞானி கிளாஸ் ஃபுக்ஸ் லண்டனில் கைதானார். பயத்துக்கு நியாயமான காரணங்கள் இருந்தன. அந்தப் பயத்தை யார் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பது தனி விஷயம்.

அவருக்கு முன்பே தொடங்கிவிட்டது

இதில் புதிதாகப் படிப்பவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மெக்கார்த்தியிசம் மெக்கார்த்தியோடு தொடங்கவில்லை. கம்யூனிஸ்டு வேட்டைக்குப் பெயர்போன ‘அமெரிக்க விரோதச் செயல்பாடுகள் குழு’வில் அவர் உறுப்பினராகவும் இருக்கவில்லை, அது காங்கிரஸின் இன்னோர் அவையான பிரதிநிதிகள் சபையின் குழு, 1938இலேயே அமைந்தது. அவரோ செனட்டர். இன்னொன்றும் உண்டு: அரசு ஊழியர்களின் விசுவாசத்தைச் சோதிக்கும் திட்டத்தை 1947 மார்ச்சில் ஆணை போட்டுத் தொடங்கியவர் மெக்கார்த்தியின் எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் அதிபர் ஹாரி ட்ரூமன்தான். கம்யூனிஸத்திடம் மென்மையாக நடந்துகொள்கிறார் என்ற பழி வராமல் இருக்க அவர் கட்டிய தடுப்பணை அது. பிறகு அந்தத் தண்ணீரில் அவர் கட்சிக்காரர்களே மூழ்கினார்கள்.

அந்தத் திட்டம் எப்படி நடந்தது என்பதற்கு டாரதி பெய்லி வழக்கு நல்ல உதாரணம். வாஷிங்டனில் அரசின் வேலைவாய்ப்புப் பிரிவில் பயிற்சி தரும் அலுவலர் அவர். கம்யூனிஸ்டு கட்சியில் இருந்தார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். யார் என்று அவருக்குச் சொல்லப்படவில்லை. சொன்னவர்கள் சத்தியப் பிரமாணம் செய்து சொல்லவும் இல்லை. விசாரித்த வாரியத்துக்கே அந்தத் தகவலாளிகள் யார் என்று தெரியாது; உள்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ அவர்களை நம்பகமானவர்கள் என்று சொன்னது, அது போதும் என்றார்கள். விசாரணையில் கேட்ட கேள்விகளில் ஒன்று: “ரத்தத்தைப் பிரித்து வைப்பது பற்றிச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு நீங்கள் எப்போதாவது கடிதம் எழுதினீர்களா?” அந்தக் காலத்தில் கறுப்பர்கள் தானம் செய்த ரத்தத்தையும் வெள்ளையர்கள் தானம் செய்த ரத்தத்தையும் அந்தச் சங்கம் தனித்தனியே வைத்தது. அதை எதிர்த்தவர் கம்யூனிஸ்டாக இருக்கலாம் என்பது வாரியத்தின் தர்க்கம்.

பெய்லி வேலையிழந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1951இல் நீதிபதிகள் 4க்கு 4 என்று பிரிந்தார்கள். சமமாகப் பிரிந்தால் கீழ் நீதிமன்றத் தீர்ப்பே நிற்கும் என்பதால் பணிநீக்கம் நின்றது. அரசு வேலை யாருடைய உரிமையும் இல்லை, ஆகவே அதை எடுப்பது தண்டனை இல்லை, ஆகவே தண்டனைக்கான சட்டப் பாதுகாப்புகளும் தேவையில்லை என்பதே அரசுத் தரப்பின் வாதம். காதில் கேட்க நேராகத்தான் இருக்கிறது. ‘தேச விசுவாசம் இல்லாதவர்’ என்ற முத்திரையோடு வெளியே போகிறவருக்கு வேறு எங்கே வேலை கிடைக்கும் என்று மட்டும் அந்த வாதம் கேட்கவில்லை.

மூன்று கதவுகள்

காங்கிரஸின் குழுக்கள் வேறு வகையில் வேலை செய்தன. அவற்றுக்கு யாரையும் சிறையில் போடும் அதிகாரம் கிடையாது. அவை சட்டம் இயற்றத் தகவல் திரட்டும் குழுக்கள், பெயரளவில். சம்மன் வரும். போய் உட்கார்ந்தால், கேமரா வெளிச்சத்தில் அந்தப் பிரபலமான கேள்வி வரும்: “நீங்கள் இப்போது கம்யூனிஸ்டு கட்சி உறுப்பினரா, அல்லது எப்போதாவது உறுப்பினராக இருந்திருக்கிறீர்களா?” அந்தக் கட்சி அப்போது தடைசெய்யப்பட்ட கட்சிகூட இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பதில் சொல்கிறவருக்கு மூன்று வழிகள் இருந்தன. முதல் வழி, ‘என் அரசியல் நம்பிக்கையைக் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை’ என்று பேச்சுரிமையைத் தரும் முதல் திருத்தத்தைக் காட்டி மறுப்பது. 1947இல் ஹாலிவுட்டின் எழுத்தாளர்களும் இயக்குநர்களுமாகப் பத்துப் பேர் அதைத்தான் செய்தார்கள். காங்கிரஸை அவமதித்த குற்றத்துக்கு 1950இல் சிறைக்குப் போனார்கள்.

இரண்டாவது வழி, தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லத் தேவையில்லை என்கிற ஐந்தாம் திருத்தத்தின் நிழலில் ஒதுங்குவது. சிறை கிடையாது. ஆனால் ‘ஒளிக்க ஒன்றும் இல்லையென்றால் ஏன் வாயை மூடிக்கொள்கிறாய்’ என்று கேட்டு முதலாளி மறுநாளே சீட்டைக் கிழித்துவிடுவார். மெக்கார்த்தி இவர்களுக்கு ‘ஐந்தாம் திருத்தக் கம்யூனிஸ்டுகள்’ என்றே பெயர் வைத்தார். அரசியல் சாசனம் தந்த ஓர் உரிமையைப் பயன்படுத்துவதே குற்றத்துக்குச் சான்று ஆகிவிட்டது.

மூன்றாவது வழி, பேசிவிடுவது. இங்கேதான் பொறி. ‘ஆமாம், இளமையில் இரண்டு ஆண்டு இருந்தேன், பிறகு விலகிவிட்டேன்’ என்று தன்னைப் பற்றிச் சொல்லிவிட்டால் ஐந்தாம் திருத்தத்தின் பாதுகாப்பை விட்டுக்கொடுத்ததாகச் சட்டம் எடுத்துக்கொண்டது. 1951இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அப்புறம் அடுத்த கேள்வி வரும்: உங்களோடு யார் யார் இருந்தார்கள்? அதற்கு மறுக்க முடியாது. நாடக ஆசிரியை லில்லியன் ஹெல்மன் 1952இல் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார்: என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், மற்றவர்களைக் காட்டிக்கொடுக்கச் சொல்லாதீர்கள். குழு ஏற்கவில்லை. அவர் ஐந்தாம் திருத்தத்துக்குப் போக வேண்டியதாயிற்று.

குழுவுக்கு அந்தப் பெயர்கள் தெரியாமல் இல்லை. பெரும்பாலும் எஃப்பிஐ மூலமும் முந்தைய சாட்சிகள் மூலமும் முன்பே கிடைத்த பெயர்கள்தான். தகவலுக்காகக் கேட்கவில்லை, நண்பனைக் காட்டிக்கொடுக்கிறாயா என்று பார்க்கக் கேட்டார்கள். சொன்னவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

ஒரு கொசுறுத் தகவல். ஹாலிவுட் பத்துப் பேரைச் சிறைக்கு அனுப்பிய குழுவின் தலைவர் பார்னெல் தாமஸ், வேலையே செய்யாத ஆட்களின் பேரில் சம்பளம் எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்ட குற்றத்துக்காக கனெக்டிகட்டில் உள்ள டான்பரி சிறைக்குப் போனார். பிறகு அங்கே அவருக்கு முன்பே அறிமுகமான இரண்டு கைதிகள் வந்து சேர்ந்தார்கள். அந்தப் பத்துப் பேரில் இருவர்.

கேட்டது அரசு, தண்டித்தது கம்பெனி

சிறைக்குப் போனவர்கள் கொஞ்சப் பேர். வேலையை இழந்தவர்கள்தான் மிகப் பெரும்பாலோர், அதைச் செய்தது தனியார். 1947 நவம்பரில் நியூயார்க்கின் வால்டார்ஃப் ஹோட்டலில் கூடிய ஹாலிவுட் முதலாளிகள், அந்தப் பத்துப் பேருக்கும் வேலை இல்லை, இனிக் கம்யூனிஸ்டு எவரையும் தெரிந்து வேலைக்கு வைக்க மாட்டோம் என்று அறிக்கை விட்டார்கள். எந்தச் சட்டமும் அவர்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. 1950 ஜூனில் ஒரு தனியார் வெளியீடு, வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வேலை பார்த்த 151 பேரின் பெயர்களைப் போட்டு, யார் எந்த மனுவில் கையெழுத்திட்டார், எந்தக் கூட்டத்துக்குப் போனார் என்று அச்சிட்டது. விளம்பரதாரர்கள் அதைப் பார்த்து ஆளை ஒதுக்கினார்கள். பத்துப் பேரில் ஒருவரான டால்டன் ட்ரம்போ வேறு பெயரில் எழுதிப் பிழைத்தார். 1957இல் ‘ராபர்ட் ரிச்’ என்பவருக்கு ஆஸ்கர் அறிவிக்கப்பட்டபோது வாங்க அந்த ரிச் வரவில்லை. அந்தப் பெயரில் எழுதியவர் ட்ரம்போதான்.

பல்கலைக்கழகங்களும் சளைத்தவை இல்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், கம்யூனிஸ்டு இல்லை என்று உறுதிமொழி எழுதித்தர மறுத்த 31 பேராசிரியர்களை 1950இல் நீக்கியது. அவர்களைக் கம்யூனிஸ்டுகள் என்று யாரும் சொல்லவில்லை. எழுதித்தர மறுத்தார்கள், அதுவே போதுமாக இருந்தது.

இந்த ஏற்பாட்டின் கெட்டிக்காரத்தனத்தைக் கவனிக்க வேண்டும். ‘நாங்கள் யாரையும் தண்டிக்கவில்லை, கேள்விதான் கேட்டோம்’ என்று குழு சொல்லலாம். ‘நாங்கள் யாரையும் குற்றவாளி என்று சொல்லவில்லை, கம்பெனியின் பெயர் கெடக் கூடாது என்று பார்த்தோம்’ என்று முதலாளி சொல்லலாம். நடுவில் நின்றவர் யார்மீதும் வழக்குப் போட முடியாது. செனட்டருக்கோ கூடுதல் கவசம் ஒன்று இருந்தது. அவையில் பேசியதற்காக எந்த உறுப்பினர்மீதும் வெளியே வழக்குத் தொடர முடியாது என்கிறது அமெரிக்க அரசியல் சாசனம். அதிகாரத்தைக் கேள்வி கேட்பவர்களைக் காப்பாற்ற வைத்த விதி அது. மெக்கார்த்தி அதன் பின்னால் நின்றுகொண்டு பதில் சொல்ல மேடை இல்லாதவர்களைச் சுட்டார்.

பத்திரிகைகளின் பங்கு இதற்குக் குறைந்தது இல்லை. ‘செனட்டர் சொன்னதைச் சொன்னபடி போடுவோம், உண்மையா என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை’ என்பது அன்றைய செய்தி ஏஜென்சிகளின் நடுநிலை. மெக்கார்த்திக்கு அச்சுக்குப் போகும் நேரமெல்லாம் அத்துப்படி. காலையில் நிருபர்களைக் கூட்டி, மதியம் ஒரு பெரிய விஷயத்தை வெளியிடப் போவதாக அறிவிப்பார்; மாலைப் பத்திரிகைகளுக்குத் தலைப்பு கிடைத்துவிடும். மதியம் ஏதாவது சொல்வார், அல்லது சாட்சி இன்னும் வந்து சேரவில்லை என்பார். மறுநாள் காலைப் பத்திரிகைக்கு இன்னொரு தலைப்பு. மறுப்பு உள்பக்கத்தில் வரும்போது அவர் அடுத்த பெயருக்குப் போயிருப்பார். 1950 மார்ச்சில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஓவன் லாட்டிமோரை அமெரிக்காவிலேயே முதன்மையான ரஷ்ய உளவாளி என்றார். அது ஒரு நாளில் சொல்லி முடித்த குற்றச்சாட்டு. பொய்ச்சாட்சி வழக்கு வரை இழுபட்டு, அது 1955இல் தள்ளுபடியாகும் வரை லாட்டிமோருக்கு ஐந்து ஆண்டு போனது.

எதிர்த்தவர்களுக்கு என்ன ஆனது

செனட்டர் மில்லார்ட் டைடிங்ஸ் தலைமையிலான குழு மெக்கார்த்தியின் குற்றச்சாட்டுகளை விசாரித்து, 1950 ஜூலையில் அவை மோசடி என்று அறிக்கை கொடுத்தது. அந்த நவம்பரில் மேரிலாந்தில் டைடிங்ஸ் மறுதேர்தலுக்கு நின்றார். அவருக்கு எதிராக மெக்கார்த்தியின் ஆட்கள் உதவியோடு தயாரான பிரசுரத்தில் ஒரு படம்: டைடிங்ஸும், கம்யூனிஸ்டு கட்சியின் முன்னாள் தலைவர் எர்ல் ப்ரௌடரும் நெருக்கமாக நின்று பேசுவது போல. இரண்டு தனித்தனிப் படங்களை ஒட்டிச் செய்தது. ‘இது கூட்டுப் படம்’ என்று கீழே எழுதவும் செய்திருந்தார்கள்; படத்தைப் பார்ப்பவர் எத்தனை பேர், அடிக்குறிப்பைப் படிப்பவர் எத்தனை பேர் என்று அவர்களுக்குத் தெரியும். டைடிங்ஸ் தோற்றார். தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் மற்ற செனட்டர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றுதான்: இந்த ஆளைத் தொட்டால் பதவி போகும்.

அதற்கும் முன்பு, ஜூன் 1 அன்று, மெக்கார்த்தியின் சொந்தக் கட்சிக்காரர், அன்றைய செனட்டின் ஒரே பெண் உறுப்பினர், மெய்ன் மாநிலத்தின் மார்கரெட் சேஸ் ஸ்மித் எழுந்து பேசினார். பயம், அறியாமை, குரோதம், அவதூறு ஆகிய நான்கின் மேல் ஏறித் தன் கட்சி வெற்றிபெறுவதைத் தான் விரும்பவில்லை என்றார். மெக்கார்த்தியின் பெயரை அவர் சொல்லவில்லை. ஆறு குடியரசுக் கட்சி செனட்டர்கள் அவரோடு கையெழுத்திட்டார்கள். மெக்கார்த்தி வாதத்துக்கு வாதம் வைக்கவில்லை. ‘ஸ்நோ ஒயிட்டும் ஆறு குள்ளர்களும்’ என்று கேலி செய்துவிட்டுப் போனார். பட்டப்பெயர் வைத்துவிட்டால் பதில் சொல்லத் தேவையில்லை என்பதை அவர் அப்போதே கண்டுபிடித்திருந்தார். அந்த மாதக் கடைசியில் கொரியப் போர் வெடித்தது. கையெழுத்திட்டவர்களில் பலர் ஒதுங்கிக்கொண்டார்கள்.

பொதுப்பேச்சு எவ்வளவு நஞ்சாகியிருந்தது என்பதற்கு விஸ்கான்சினின் மேடிசன் நகரில் நடந்த ஒரு சோதனையைச் சொல்லலாம். 1951 ஜூலை 4, சுதந்திர தினம். உள்ளூர்ப் பத்திரிகை நிருபர் ஒருவர் ஒரு மனுவை எடுத்துக்கொண்டு மக்களிடம் கையெழுத்துக் கேட்டார். மனுவில் இருந்தது அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்திலிருந்தும் அரசியல் சாசனத்தின் உரிமைத் திருத்தங்களிலிருந்தும் எடுத்த வரிகள், வேறொன்றும் இல்லை. 112 பேரைக் கேட்டார். கையெழுத்துப் போட்டவர் ஒருவர். இருபது பேர் அவரைப் பார்த்து, நீ கம்யூனிஸ்டா என்றார்கள்.

சின்சினாட்டியின் பேஸ்பால் அணி ‘ரெட்ஸ்’ என்ற தன் பெயரைச் சில ஆண்டுகளுக்கு ‘ரெட்லெக்ஸ்’ என்று மாற்றிக்கொண்டது. சிவப்பு என்று சொன்னாலே வம்பு. சார்லி சாப்ளின் 1952 செப்டம்பரில் கப்பலில் லண்டன் போய்க்கொண்டிருந்தபோது அவர் திரும்பி வருவதற்கான அனுமதியை அரசு ரத்துசெய்தது. அவர் சுவிட்சர்லாந்தில் குடியேறினார், இருபது ஆண்டு கழித்து ஒரு கௌரவ ஆஸ்கர் வாங்கத்தான் வந்தார். இவையெல்லாம் கேட்கச் சுவாரஸ்யமானவை. சியன் ஷ்யூசென் கதை அப்படி இல்லை. கலிஃபோர்னியாவின் கால்டெக் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்த ராக்கெட் விஞ்ஞானி, அமெரிக்க ராணுவத்துக்காக வேலை செய்தவர். கம்யூனிஸ்டு என்ற சந்தேகத்தில் 1950இல் அவருடைய பாதுகாப்பு அனுமதியைப் பறித்தார்கள், ஐந்து ஆண்டு கண்காணிப்பில் வைத்தார்கள், 1955இல் சீனாவுக்கு அனுப்பினார்கள். சீனாவின் ஏவுகணைத் திட்டத்தை அவர்தான் கட்டி எழுப்பினார்.

அப்படியென்றால் உளவாளிகளே இல்லையா? இருந்தார்கள். சோவியத்தின் ரகசியத் தந்திகளை அமெரிக்கா உடைத்துப் படித்த ‘வெனோனா’ கோப்புகள் 1995இல் வெளியானபோது, 1940களில் அரசுக்குள் கணிசமான ஒற்றர்கள் இருந்தது உறுதியானது. அணு ரகசியம் கொடுத்ததாக 1953இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட ரோசன்பர்க் தம்பதியில் ஜூலியஸ் உண்மையிலேயே ஒற்றர். சிலர் இதைக் காட்டி மெக்கார்த்தி சொன்னது சரிதான் என்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அந்த ஒற்றர் வலைகள் மெக்கார்த்தி வாய் திறப்பதற்கு முன்பே பெரும்பாலும் குலைந்துவிட்டன. உளவாளியைப் பிடிப்பது சத்தமில்லாமல் நடக்கும் காவல் வேலை. அவர் செய்தது சத்தம்.

வீழ்ச்சி

1953இல் குடியரசுக் கட்சிக்கு செனட்டில் பெரும்பான்மை வந்தபோது மெக்கார்த்தி ஒரு விசாரணைத் துணைக்குழுவின் தலைவரானார். அவருடைய தலைமை வழக்கறிஞர் ராய் கோன், இருபதுகளில் இருந்த இளைஞர். (இதே கோன்தான் 1970களில் இளம் டொனால்ட் ட்ரம்பின் வழக்கறிஞர்.) 1954 ஜனவரியில் கேலப் நிறுவனம் எடுத்த கணிப்பில் 50 சதவீதம் பேர் மெக்கார்த்தியை ஆதரித்தார்கள், 29 சதவீதம் பேர் எதிர்த்தார்கள்.

பிறகு ராணுவத்தின் மேல் கைவைத்தார். ராணுவத்தில் சேர்க்கப்பட்ட தன் நண்பருக்குச் சலுகை கேட்டு கோன் மிரட்டினார் என்று ராணுவமும், தங்களை மிரட்ட அந்த நண்பரை ராணுவம் பிணையாக வைத்திருக்கிறது என்று மெக்கார்த்தியும் சொல்ல, விசாரணை ஏப்ரல் 22 முதல் 36 நாள் நடந்தது. ஏபிசி தொலைக்காட்சி அதை முழுமையாக நேரலையில் காட்டியது. மெக்கார்த்தி தரப்பிலிருந்து ராணுவச் செயலரும் அந்த நண்பரும் தனியே நிற்பது போன்ற ஒரு படம் வந்தது. மறுநாளே, பக்கத்தில் நின்றவர்களை வெட்டி எடுத்த படம் அது என்று ராணுவத்தின் வழக்கறிஞர் ஜோசஃப் வெல்ச் முழுப் படத்தோடு வந்து நின்றார். ஜூன் 9 அன்று வெல்ச்சின் அலுவலகத்தில் வேலை பார்க்கும், விசாரணைக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இளம் வழக்கறிஞரைக் கம்யூனிஸ்டுத் தொடர்புள்ளவர் என்று மெக்கார்த்தி இழுத்தார். “கடைசியில் உங்களுக்குக் கண்ணியம் என்று ஒன்று இல்லவே இல்லையா, ஐயா?” என்று வெல்ச் கேட்டதும் பார்வையாளர்கள் கைதட்டினார்கள். அந்த மாதக் கணிப்பில் ஆதரவு 34, எதிர்ப்பு 45.

மார்ச் 9 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியில் எட்வர்ட் மரோ நடத்திய நிகழ்ச்சிதான் மெக்கார்த்தியைக் கவிழ்த்தது என்று ஒரு கதை ஓடுகிறது. அது துணிச்சலான நிகழ்ச்சி, மறுக்கவில்லை. ஆனால் தலைப்புச் செய்தி வழியாக அறிந்த மனிதரை மக்கள் நாள் முழுக்க, வாரக்கணக்கில், நேரில் பார்த்தார்கள். குறுக்கே பாய்வதும் உறுமுவதும் சம்பந்தமில்லாத பெயரை இழுப்பதும் சுருக்கமான செய்தியில் தெரியாது.

டிசம்பர் 2 அன்று செனட் 67க்கு 22 என்ற வாக்கில் அவரைக் கண்டித்தது. எதற்காக என்று பார்த்தால்தான் முழுக் கதையும் புரியும். தன்னை விசாரித்த செனட் குழுவோடு ஒத்துழைக்கவில்லை, இன்னொரு செனட் குழுவைத் திட்டினார் என்ற இரண்டு காரணங்கள். ஒரு ராணுவ ஜெனரலை விசாரணையில் அவமதித்தது பற்றிய மூன்றாவது குற்றச்சாட்டு வாக்கெடுப்புக்கு முன்பே கைவிடப்பட்டது. வேலை போன சாதாரண மனிதர்களைப் பற்றித் தீர்மானத்தில் ஒரு வரி இல்லை. மெக்கார்த்தி 1957 மே 2 அன்று, 48 வயதில் இறந்தார்.

ஆறு வாரம் கழித்து, ஜூன் 17 அன்று, உச்ச நீதிமன்றம் ஜான் வாட்கின்ஸ் என்ற தொழிற்சங்கக்காரரின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அவர் தன்னைப் பற்றி எல்லாம் சொன்னார், கட்சியை விட்டு விலகிவிட்டதாகத் தான் நம்பியவர்களின் பெயரைச் சொல்ல மட்டும் மறுத்தார், ஐந்தாம் திருத்தத்தையும் துணைக்கு அழைக்கவில்லை. அம்பலப்படுத்துவதற்காகவே அம்பலப்படுத்தும் அதிகாரம் காங்கிரஸுக்கு இல்லை என்றது நீதிமன்றம். அமெரிக்க விரோதச் செயல்பாடுகள் குழு 1975இல்தான் கலைக்கப்பட்டது.

இன்று எதை அப்படி அழைக்கலாம்

ஒருவரைக் கடுமையாக விமர்சிப்பது மெக்கார்த்தியிசம் ஆகாது. நுகர்வோர் கூடி ஒரு கடையைப் புறக்கணிப்பதும் ஆகாது, அதில் அநியாயம் இருந்தாலும். அரசு அதிகாரம் தன் கையால் செய்யக் கூடாத தண்டனையை, சந்தேகத்தைக் கிளப்பியோ மிரட்டியோ, தனியார் கையால் செய்விக்கும்போதுதான் அந்தப் பழைய ஏற்பாடு திரும்பி வருகிறது.

2018இல் ஃப்ளோரிடாவில் நடந்த பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பின், நியூயார்க் மாநில நிதிச் சேவைத் துறைத் தலைவர் மரியா வுல்லோ, துப்பாக்கி ஆதரவு அமைப்பான என்ஆர்ஏவோடு உறவை முறித்துக்கொள்ளக் காப்பீட்டு நிறுவனங்களை நெருக்கினார் என்று வழக்கு. அது உண்மையென்றால் முதல் திருத்தத்தை மீறிய செயல் என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் 9க்கு 0 என்று சொன்னது. என்ஆர்ஏவுக்காக வாதாடியது, துப்பாக்கி விஷயத்தில் அவர்களோடு ஒத்துப்போகாத குடிமக்கள் உரிமை அமைப்பான ஏசிஎல்யூ என்பதைச் சொல்லியாக வேண்டும்.

மறுகட்சியின் உதாரணத்துக்கு அதிக காலம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 2025 செப்டம்பர் 10 அன்று வலதுசாரிப் பேச்சாளர் சார்லி கிர்க் சுட்டுக் கொல்லப்பட்டார். கிர்க்கின் கொலையைக் கொண்டாடுகிறவர்களின் முதலாளிக்கு போன் போடுங்கள் என்று செப்டம்பர் 15 அன்று துணை அதிபர் ஜே.டி. வான்ஸ் நேயர்களிடம் சொன்னார். இரண்டு நாள் கழித்து, தொலைக்காட்சி நிலையங்களுக்கு உரிமம் தரும் ஆணையத்தின் தலைவர் பிரெண்டன் கார், நகைச்சுவையாளர் ஜிம்மி கிம்மல் பேசியது பற்றி, இதைச் சுலபமான வழியிலும் செய்யலாம், கடினமான வழியிலும் செய்யலாம் என்றார். அன்றே ஏபிசி கிம்மலின் நிகழ்ச்சியை நிறுத்தியது. குடியரசுக் கட்சி செனட்டர் டெட் க்ரூஸே இது மாஃபியாக்காரன் பேச்சு போல இருக்கிறது என்றார். செப்டம்பர் 23 அன்று கிம்மல் திரும்பினார். அதே வாரங்களில் சமூக ஊடகப் பதிவுகளுக்காக வேலையிழந்த ஆசிரியர்கள் சிலர் நீதிமன்றம் போயிருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் இருந்தவர்களுக்கு அது முடிந்தது. தனியார் நிறுவன ஊழியருக்கு அந்தக் கதவு இல்லை. முதல் திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்தும், முதலாளியை அல்ல.